கப்பல்ல ஒரே ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு தடவை காசு

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டு இருந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. இப்ப எழுதியே ஆகணும்ங்கிற அளவுக்குக் கடுப்பாயிடுச்சு. க்ரூஸ் போயிட்டு வந்து பதிவு போடுற நம்ம ஆளுங்க எல்லாரும், ஒருத்தர் விடாம, கடைசியில ஒரே அட்வைஸ்தான் குடுக்கறாங்க: "ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்ல சாப்பிடலைன்னா க்ரூஸ் போனதே வேஸ்ட். இப்பவே டைனிங் பேக்கேஜ் வாங்கிருங்க." பின்னூட்டத்துல முப்பது பேர் "பயனுள்ள தகவல் தல"ன்னு கும்பிடு போடுறாங்க.

பயனுள்ள தகவல்தான். யாருக்குப் பயன்னுதான் கேள்வி.

க்ரூஸ் போகாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடும் சேர்த்துதான் காசு வாங்கறாங்க. மேல்தளத்துல பஃபே, கீழே மெயின் டைனிங் ரூம்னு ஒரு பெரிய ஹால். அங்க உக்காந்தா வெயிட்டர் வந்து மெனு குடுப்பாரு, சூப்புல ஆரம்பிச்சு ஐஸ்கிரீம் வரைக்கும் வரும், பில் வராது. இது போக அதே கப்பல்ல தனியா காசு குடுத்துச் சாப்பிடுற எடங்கள் இருக்கு. ராயல் கரீபியன்ல சாப்ஸ் கிரில், பிரின்சஸ்ல கிரவுன் கிரில், ஹாலந்து அமெரிக்கால பினக்கிள் கிரில், டிஸ்னியில 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும் பாலோ. இதுங்களுக்குத்தான் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்னு பேரு.

காசு வாங்கறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. நல்ல சமையல்காரர், நல்ல கறி, கம்மியான டேபிள், அதுக்கு ஒரு விலை. சரி. அந்த விலையை வாங்கற விதமும், புக்கிங் நடத்துற விதமும், அதை நியாயப்படுத்தி நாம எழுதறதும்தான் பிரச்சினை. ஒண்ணொண்ணா வர்றேன்.

1. சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு

கடல்ல தனிக்காசு ரெஸ்டாரண்ட் ஒண்ணும் புதுசு இல்லை. 1905லயே ஜெர்மன் கம்பெனியோட 'அமெரிக்கா'ங்கிற கப்பல்ல ரிட்ஸ் பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. 1912ல டைட்டானிக்லயும் இருந்துச்சு. முதல் வகுப்புக்காரங்களுக்கு மட்டும்தான் அது. லூயிஜி கட்டின்னு ஒரு இத்தாலிக்காரர் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தினாரு.

இப்ப கவனிங்க. பயணம் முழுக்க அந்த ரெஸ்டாரண்ட்லயே சாப்பிட்டுக்கறேன், பொது சாப்பாட்டு ஹாலுக்கு வரலைன்னு முன்னாடியே சொன்ன முதல் வகுப்புப் பயணிக்கு, டிக்கெட்ல 3லேர்ந்து 5 பவுண்டு வரைக்கும் கழிச்சாங்க. காரணம் சிம்பிள். டிக்கெட்ல சாப்பாட்டுக்காசு சேர்ந்திருக்கு, நீ அதைச் சாப்பிடலை, இந்தா உன் காசு.

நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு நீங்க ஸ்டேக் ஹவுஸ்ல போய் உக்காந்தா, அன்னைக்கு ராத்திரி மெயின் டைனிங் ரூம்ல உங்களுக்காகப் போட வேண்டிய தட்டு மிச்சம். அதுக்கு நீங்க ஏற்கனவே காசு கட்டியாச்சு. அதுல ஒரு பைசா கழிப்பாங்களா? மாட்டாங்க. மேல முழு விலை வாங்குவாங்க. விமானத்துல எகானமி சீட்டை அப்கிரேடு பண்ணினா வித்தியாசத்தை மட்டும்தான் கட்டுறோம். இங்க ரெண்டு சீட்டுக்கும் முழுசாக் கட்டணுமாம்!

2. விலை ஒண்ணு, கட்டறது ஒண்ணு

2000களோட நடுவுல சாப்ஸ் கிரில்ல ஆளுக்கு 20 டாலர் வாக்குல இருந்துச்சு. விலைவாசி ஏறினதைக் கணக்குல எடுத்தா இன்னைக்கு 33 டாலர் கிட்ட இருக்கணும். இப்ப பெரிய கப்பல்கள்ல ஸ்டேக் ஹவுஸ் 60 டாலரைத் தாண்டறது சாதாரணம். அதுவும் நிலையான விலை கெடையாது. கப்பலுக்குக் கப்பல், பயணத்துக்குப் பயணம், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறும்.

அது மேல டிப்ஸ். ராயல் கரீபியன்ல 18 சதவீதம், நார்வீஜியன்ல 20 சதவீதம், தானாவே சேர்ந்துடும். 60 டாலர் சாப்பாடு 18 சதவீதத்தோட 70.80. ரெண்டு பேருக்கு 141.60. தினப்படி டிப்ஸ்னு ஆளுக்கு 15லேர்ந்து 20 டாலர் வாக்குல தனியா வேற வாங்கறாங்க, அதுல சாப்பாட்டு ஹால் வெயிட்டருக்கும் பங்கு இருக்கு. அன்னைக்கு நீங்க அந்த ஹால் பக்கமே போகலைன்னாலும் அது குறையாது. இதுல உச்சம் என்னன்னா, 'இலவச' ஸ்பெஷாலிட்டி டின்னர்னு வருஷக்கணக்கா விளம்பரம் செஞ்ச நார்வீஜியன், அந்த இலவசத்துக்கும் டிப்ஸ் வாங்குச்சு. எங்க ஊர்ல இலவச டிவி குடுத்தப்பகூட டிவியோட விலையில அஞ்சுல ஒரு பங்கை எடுத்து வைன்னு கேக்கலை சாமி.

3. காசு கமிட் ஆயிடுச்சு, சீட்டு அலாட் ஆகலை

பொட்டி தட்டுறவனா எனக்கு ரொம்ப எரிச்சல் குடுக்கற விஷயம் இதுதான். மூணு ராத்திரி பேக்கேஜ்னு ஒண்ணு விப்பாங்க. தனித்தனியா வாங்கறதை விட மலிவு. ஆனா பல கப்பல்கள்ல எந்த நாள், எத்தனை மணின்னு வாங்கும்போது தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு ராத்திரியை அவங்களே போட்டுடுவாங்க, மீதியைக் கப்பல் ஏறினதும் வந்து கேட்டு வாங்கிக்கணும். பணம் போயிடுச்சு, சரக்கு இன்னும் ரிசர்வ் ஆகலை. டிரான்ஸாக்ஷன் பாதியில நிக்குது. நாம இப்படி ஒரு சிஸ்டம் எழுதிக் குடுத்தா கிளையன்ட் செருப்பால அடிப்பான்.

எங்க கதையைக் கேளுங்க. ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருந்தாங்க. டெக்சஸ்ல கால்வெஸ்டன் துறைமுகத்துலேர்ந்து ஏழு ராத்திரி பயணம். தங்கமணியையும் சேர்த்து நாலு பேருக்கு மூணு ராத்திரி பேக்கேஜ். ஏறின உடனே பெட்டியைக்கூட ரூம்ல வைக்காம போய் லைன்ல நின்னேன். நாப்பது நிமிஷம். என் முறை வந்தப்ப மிச்சம் இருந்தது சாயங்காலம் 5 மணியும் ராத்திரி 9:15ம் மட்டும். அப்பா சர்க்கரைக்காரர். ஏழரைக்கு ஊசி, உடனே சாப்பாடு. இதைச் சொன்னேன். "சாரி சார், ஏழரைக்கு ஃபுல்." ரீஃபண்ட் கேட்டேன். கப்பல் ஏறினப்புறம் கெடையாதாம். கடைசியில நானும் தங்கமணியும் மட்டும் 9:15க்குப் போனோம், அம்மா அப்பாவோட ஆறு சாப்பாட்டுக் காசு கடல்ல கரைஞ்சுது.

"டிமாண்ட் அதிகம், என்ன பண்றது"ன்னு சொல்லாதீங்க. ஒரு கணக்குப் போடுவோம். 130 சீட் உள்ள ரெஸ்டாரண்ட், ஒரு ராத்திரிக்கு ரெண்டு பந்தி, ஏழு ராத்திரி: 1820 சாப்பாடு. கப்பல்ல 5000 பேர்னு வச்சுக்குவோம். எத்தனை பேக்கேஜ் வித்தா எவ்ளோ இடிக்கும்னு எட்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான். கப்பல் கட்டின அன்னைக்கே அவங்களுக்குத் தெரிஞ்ச நம்பர் இது.

நம்ம ரயில்வேயை நாம திட்டாத நாள் இல்லை. ஆனா அவன்கூட காசு வாங்கும்போதே உனக்கு வெயிட்டிங் லிஸ்ட் 14ன்னு நம்பர் போட்டுக் குடுக்கறான். ஆர்.ஏ.சி.ன்னா உக்கார எடமாவது உண்டு. ஆன்லைன்ல எடுத்த டிக்கெட் சார்ட் போட்டும் கன்ஃபர்ம் ஆகலைன்னா, ஒரு சின்னத் தொகையைக் கழிச்சுட்டு மீதிப் பணம் தானா திரும்பி வந்துடும். பெரிய கப்பல் கம்பெனியால இதைச் செய்ய முடியாதா? முடியும். செய்ய அவசியம் இல்லை, ஏன்னா நாம கேக்கறது இல்லை.

4. "இஷ்டம்னா போ, உன்னை யாரு கட்டாயப்படுத்தினா?"

இதுதான் எல்லாரும் வைக்கற வாதம். நியாயமாத்தான் தெரியும். கீழ மெயின் டைனிங் ரூம் நல்லபடியா இருக்கற வரைக்கும் இது நியாயம்தான். ஆனா ரெண்டு கடையையும் நடத்தறது ஒரே முதலாளி. ஒண்ணுல லாபம், இன்னொண்ணுல செலவு. அவரு எதைக் கவனிப்பாருன்னு எம்.பி.ஏ. படிச்சாத்தான் தெரியுமா?

மெயின் டைனிங் ரூம்ல எத்தனை தட்டு வேணும்னாலும் கேக்கலாம்ங்கிறதுதான் க்ரூஸோட பெருமையா இருந்துச்சு. 2023லேர்ந்து கார்னிவல்ல மூணாவது மெயின் ஐட்டம் கேட்டா 5 டாலர். ராயல் கரீபியனோட மெயின் டைனிங் ரூம் மெனுவிலேயே தனிக்காசு லாப்ஸ்டர் வந்து உக்காந்துக்கிச்சு. காசு குடுக்காத எடம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குள்ளயும் மீட்டர் வச்சாச்சு.

5. "இதனாலதான் டிக்கெட் மலிவா இருக்கு"

இது கொஞ்சம் பலமான வாதம், ஒத்துக்கறேன். ஓஷியானியா கப்பல்கள்ல ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டுக்குத் தனிக்காசு கெடையாது, ரிசர்வ் மட்டும் பண்ணணும், ஆனா டிக்கெட்டே விலை அதிகம். அதனால மலிவு டிக்கெட்டுக்கு யாரோ எங்கயோ காசு குடுத்துத்தான் ஆகணும்.

சரி, ஆனா இதை ஏதோ ஓரமா வர்ற சில்லறைன்னு நெனைக்காதீங்க. ராயல் கரீபியனோட 2023 வருமானம் சுமார் 13.9 பில்லியன் டாலர். அதுல டிக்கெட் போக, கப்பல்ல விக்கறது, மத்ததுன்னு வந்தது சுமார் 4.3 பில்லியன். சாராயம், சூதாட்டம், கரையில சுத்திக் காட்டறது, சாப்பாடு எல்லாம் சேர்த்து பத்துல மூணு பங்கு. அதாவது டிக்கெட்ல போட்டிருக்கறது முழு விலை இல்லை, ஆரம்ப விலை. அப்படின்னா அதை வெளிப்படையாச் சொல்லட்டுமே! மலிவுன்னு நம்பி, வருஷம் முழுக்கச் சேர்த்து வச்சு, வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஏறுறவன்தான் இதுல அடிபடுறான். காசுள்ளவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

6. நம்ம ஆளுங்களுக்கு இதுல என்ன இருக்கு?

ஸ்டேக் ஹவுஸ்ல சைவக்காரங்களுக்கு ஒண்ணோ ரெண்டோ ஐட்டம் இருந்தாப் பெருசு. பக்கத்து டேபிள்ல அரை கிலோ மாட்டுக்கறி சாப்பிடுறவரு குடுக்கற அதே காசைத்தான் காளான் சாப்பிடுற எங்கம்மாவும் குடுக்கணும்.

அதே கப்பல்ல, மெயின் டைனிங் ரூம்ல, ஹெட் வெயிட்டர் ஒரு மலையாளி சேட்டன். முதல் நாள் அம்மா சாலட்டை மட்டும் கிளறிக்கிட்டு இருந்ததைப் பாத்துட்டு அவரே வந்து கேட்டாரு. மறுநாள்லேர்ந்து தினமும் ஏழரைக்கு சப்பாத்தி, பருப்பு, ஒரு காய். அப்பாவுக்கு சோறு கம்மியா. ஒரு சென்ட் கூடுதல் இல்லை. அம்மா மூணாம் நாளே அவரு பொண்ணு என்ன படிக்குதுங்கிற வரைக்கும் விசாரிச்சு முடிச்சுட்டாங்க. பெரும்பாலான பெரிய கப்பல்கள்ல இப்படி முதல் நாளே கேட்டா இந்திய சைவச் சாப்பாடு செஞ்சு குடுக்கறாங்க. நம்ம க்ரூஸ் பதிவுகள்ல எத்தனை பேரு இதை எழுதியிருக்கோம்?

அதனால கப்பல்காரங்ககிட்ட கேக்க வேண்டியது நாலே நாலு.

- டிப்ஸ் சேர்த்து ஒரே விலையா போடு.
- பேக்கேஜ் விக்கும்போதே நாள், நேரம் குடு. குடுக்க முடியலைன்னா காசைத் திருப்பிக் குடு.
- தனிக்காசு ரெஸ்டாரண்டுக்குப் போறவனுக்கு மெயின் டைனிங் ரூம் சாப்பாட்டுக்காசைக் கழி. 1912ல முடிஞ்சது இப்ப முடியாதா?
- சைவத்துக்குத் தனி விலை வை.

நாம செய்ய வேண்டியது ஒண்ணுதான். அடுத்த தடவை க்ரூஸ் பதிவு எழுதும்போது ஸ்டேக் போட்டோவுக்குக் கீழ நீங்க கட்டின மொத்தக் காசை, டிப்ஸோட எழுதுங்க. கேட்ட நேரம் கெடைச்சுதான்னும் எழுதுங்க. பத்துப் பேர் எழுதினா பதினோராவது ஆள் வாங்கறதுக்கு முன்னாடி யோசிப்பான்.

டிஸ்கி: முன்கூட்டியே ஆன்லைன்ல தனி டின்னர் புக் பண்ணினவங்க, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி விலை குறைஞ்சிருக்கான்னு அப்பப்பப் பாருங்க. குறைஞ்சிருந்தா கேன்சல் பண்ணிட்டுத் திரும்ப எடுக்கலாம், பல கம்பெனிகள்ல முடியும். கேன்சல் ரூலை மட்டும் முதல்ல படிச்சுக்குங்க. மாத்துக்கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமாக் கும்முங்க. ஆனா கணக்கோட வாங்க.