வாத்தியக் குழு யாருக்காக?

இந்தியப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் வாத்தியக் குழு பாடமன்று, வரவேற்புச் சடங்கு. மாணவர், குடியரசு நாள் அணிவகுப்புக்காக ஓரிரு மெட்டுகளை உருப்போடுகின்றனர். டிரம்பெட்டின் மூன்று வால்வுகளில் எதை எப்போது அழுத்துவது என்பது எண்வரிசையாக மனப்பாடமாகிறது. வால்வை மாற்றாமல் உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றினாலும் வேறு சுரம் பிறப்பது ஏன் என்று விளக்குவாரில்லை. சுரக்குறிப்பை வாசிக்கக் கற்பிப்பாருமில்லை. எழுத்தறியாக் குழந்தையை வாழ்த்துப்பா ஒப்பிக்கச் செய்துவிட்டு, மொழி கற்பித்தோம் என எவரேனும் கூறுவரா?

நாகசுரமும் செவிவழிக் கல்விதானே என்பர் சிலர். அம்மரபு சரளி வரிசையில் தொடங்கி, மாணவர் தாமே இராக ஆலாபனை செய்யும்வரை பல்லாண்டு நீள்வது. ஜனவரி 26-உடன் முடிவதன்று.

பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005. பாடத்திற்கும் பாடப்புறச் செயல்பாட்டிற்கும் இடையே கடும் பிரிவினை கூடாது என்றது தேசியக் கல்விக் கொள்கை 2020. எனினும் பல பள்ளிகளில் இசைக்கெனப் பாடவேளையும் இல்லை, நிலையான ஆசிரியரும் இல்லை. இவ்விரண்டையும் தராத பள்ளி வாத்தியங்களை வாங்குவது மாணவருக்காக அன்று, மேடையில் அமர்ந்திருப்பவருக்காகவே.