மணமகளை அலங்கரியுங்கள், நிறத்தை மாற்ற முனையாதீர்கள்



மணமகளை அழகுபடுத்துவது மார்க்கம் வெறுக்கும் செயலன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மணமகளாகச் சென்றபோது அவர்களை அலங்கரித்தவர் அஸ்மா பின்த் யஸீத் (ரலி) எனும் மாதரசி ஆவார். அதற்கு முன்னர் அன்னையின் தாயார், மகளின் உடல் தேற வேண்டும் என்று பலவற்றையும் கொடுத்துப் பார்த்து, இறுதியில் வெள்ளரிக்காயையும் கனிந்த பேரீச்சம்பழத்தையும் சேர்த்து உண்ணக் கொடுத்தார்கள். உடல் நன்கு தேறிற்று. இச்செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் நூல்களில் உள்ளது. அந்தத் தாய் முதலில் கருதியது மகளின் உடல்நலத்தை!

இன்று நம் தாய்மார்கள் முதலில் கருதுவது எதனை? நிறத்தை அல்லவா? நிக்காஹ் நாள் குறித்தவுடன் மகளுக்குச் சத்துள்ள உணவு தேடுவதை விட்டுச் சிவப்பழகுக் களிம்பைத் தேடுகின்றனர். சில நாள்களில் நிறம் மாறினால் மகிழ்ந்து போகின்றனர். அந்த மாற்றம் எதனால் வந்தது என்று கேட்பாரில்லை.

அண்டை மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வைத் தாக்கும் ஒருவகை நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தவர்கள்! களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமடைந்தனர். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்னும் பெயரில் கடைகளைச் சோதனையிட்டது.

இத்தகைய களிம்புகளில் ஒளிந்திருக்கும் நஞ்சு பாதரசம். தோலுக்கு நிறம் தரும் பொருள் உருவாகாமல் அது தடுக்கிறது. ஆகவே முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உள்ளே புகுந்து சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தையையும் சென்றடைகிறது. முகப்பூச்சில் பாதரசம் சேர்ப்பதை இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் தடை செய்துள்ளன. எனினும், தயாரித்தவர் முகவரியோ சேர்மானமோ அச்சிடப்படாத டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அத்தகையதை வாங்காதீர்கள். பூசி வரும் பெண்ணுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், தாமதியாமல் அந்த டப்பாவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்வதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சி என்று திருமறை கூறுகிறது. அவ்வாறிருக்க, நிறத்தை ஒரு குறையாக எண்ணும் உரிமையை நமக்கு யார் தந்தார்?

“என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைத்தானே கேட்கிறார்கள்!” என்பது தாய்மார்களின் மறுமொழி. அது உண்மையே. ஆகவே என் கேள்வி மாப்பிள்ளை வீட்டாரை நோக்கியது. ஞாயிறுதோறும் கூடும் நம் போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிப்போர் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நிறத்தையும் பார்ப்பர். பெண் பார்க்கச் செல்லும் நாமும் அவ்வாறே பார்க்கலாமா? தொழிற்பேட்டையில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் நம் பெண்மக்களின் பொறுமை, ஒழுக்கம், தொழுகை ஆகியவை கண்ணில் படாமல், முகத்தின் நிறம் மட்டும் படுவது எத்தகைய பார்வை!

குறைஷிக் குலத்துப் பெண்மணியான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை வேறு இருவர் பெண் கேட்டிருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, கருநிறமுடைய உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு கூறினார்கள். முதலில் அப்பெண்மணியின் உள்ளம் இசையவில்லை. பின்னர் மணந்துகொண்டார், அதில் அல்லாஹ் நிறைந்த நன்மையை வைத்தான் என்று அவரே கூறியிருக்கிறார்.

தாய்மார்களே! மருதாணி இலையை அரைத்து மகளின் கைகளைச் சிவக்க வையுங்கள். கறுப்பு மருதாணி என விற்பதில் தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்பளிக்கச் செய்யும், தவிர்த்து விடுங்கள். மருதாணிச் சாயம் உளூவைத் தடுக்காது. நகப்பூச்சோ நீரை நகத்தில் படவிடாது என்பதையும் மகளுக்கு உணர்த்துங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், நல்லுணவு தாருங்கள், நன்றாக உறங்க விடுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! நிக்காஹ் பேச்சுவார்த்தை தொடங்கும்போதே, பெண்ணின் நிறத்தைப் பேசலாகாது என்று இரு வீட்டாருக்கும் எடுத்துரையுங்கள். கேட்கும் வாய் அடங்கினால்தான் பூசும் கை ஓயும்.

நம் பெண்மக்களை உடல்நலத்தோடும் கண்ணியத்தோடும் மணமேடைக்கு அனுப்பும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.