சும்மா விளையாடுகிறார்களாம்!

“பால்வாடியா? அங்கே என்ன படிப்பு! சும்மா விளையாட விட்டு, சோறு போட்டு அனுப்புகிறார்கள்” — இப்படிச் சொல்லாதவர் இன்று யார்? ஆலை வாயிலில் சொல்கிறார்கள்; டீக்கடையில் சொல்கிறார்கள்; நம் தோழர்களிலேயே பலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கைமாற்று வாங்கியாவது மூன்று வயதுப் பிள்ளையின் கழுத்தில் டை கட்டி, காலில் ஷூ மாட்டி, ஆங்கிலப் பெயர்ப்பலகை தொங்கும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாலையில் அந்தப் பிள்ளை நான்கு பக்கம் எழுதவேண்டிய வீட்டுப் பாடத்தோடு திரும்புகிறது. அதைப் பார்த்ததும் தகப்பனுக்கு ஒரு நிறைவு: ஆகா, படிப்பு நடக்கிறது!

அந்தத் தகப்பனைக் குறை கூற நாம் வரவில்லை. தனக்குக் கிடைக்காத படிப்பு தன் மகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று துடிக்கிற நெஞ்சு அது. அந்தத் துடிப்பைக் காசாக்குகிறவர்களைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்று நம்மை உறுத்துவது அந்த ஒரு சொல்: ‘சும்மா.’ சும்மா என்கிறார்களே, அந்த வகுப்பில் ஒரு வாரம் என்னதான் நடக்கிறது?

ஒழுங்காக நடக்கும் ஒரு மையம், தொழில் தெரிந்த ஓர் ஆசிரியை, இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மழலையர் வகுப்பில் ஒரு பொருளை எடுத்தால் வாரம் முழுவதும் அதையே சுற்றிச் சுற்றி வருவது ஒரு முறை. இந்த வாரத்துப் பொருள் விதை.

திங்கட்கிழமை. புளியங்கொட்டை, மொச்சை, கொண்டைக்கடலை மூன்றையும் கலந்து ஒரு தட்டில் கொட்டுகிறார் ஆசிரியை. (மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள இரண்டு கண் போதாது, அது வேறு கதை.) பிள்ளைகள் பிரிக்கிறார்கள். கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். ஒரு பயல் நிறத்தை விட்டுவிட்டு, பெரியது சிறியது என்று பிரிக்கிறான். தவறு என்று சொல்வதில்லை ஆசிரியை, “ஏன் அப்படி வைத்தாய்?” என்று கேட்கிறார். அவன் காரணம் சொல்கிறான். தோழர்களே, கணக்கின் வாசற்படி இதுதான்! இது வேறு, அது வேறு என்று இனம் பிரிக்கத் தெரியாதவன் ஒன்று இரண்டை ஒப்பிக்கலாம், எண்ண முடியாது. ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துப் போட்ட அந்நாளைய அச்சுத் தொழிலாளியைக் கேட்டால் தெரியும், பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று.

செவ்வாய்க்கிழமை பயற்றை ஊறப் போடவேண்டும். தண்ணீரை மொண்டு ஊற்றுவதற்குப் போட்டி! அந்தச் சந்தடியிலும் ஒரு பாடம் நடக்கிறது. அகலக் கிண்ணத்திலிருக்கும் தண்ணீரை அவர்கள் கண்ணெதிரே ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றுகிறார் ஆசிரியை. “இப்போது தண்ணீர் கூடிவிட்டதா?” “கூடிவிட்டது!” என்று கத்துகிறது வகுப்பு. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே ஆராய்ந்து சொன்னது இது: உயரம் கூடினால் அளவும் கூடியதாகவே ஐந்து வயதுப் பிள்ளை பொதுவாக எண்ணும், ஏழு வயதை ஒட்டித்தான் அந்த மயக்கம் தெளியும். தெளிவது மனப்பாடத்தாலன்று, மொண்டு மொண்டு ஊற்றிப் பார்ப்பது அதற்குத் துணை.

புதன்கிழமை பாட்டும் கதையும், அதை விரிக்கவேண்டியதில்லை. வியாழன்று களிமண்ணில் விதைகளைப் பதிக்கிறார்கள், நூலில் மணி கோக்கிறார்கள். “எழுத்து எங்கே?” என்று கேட்கிறவருக்கு ஒரு செய்தி. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை எலும்பாகவே ஆகியிருக்கமாட்டா. வெறும் குருத்தாகவே இருக்கும். அந்தக் கையில்தான் பென்சிலைத் திணித்து நான்கு பக்கம் எழுது என்கிறார்கள், கட்டணமும் வாங்கிக்கொண்டு! களிமண் பிசைகிற கை எழுதுவதற்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. முளைக்குமுன் கதிர் அறுக்க எந்த உழவனாவது அரிவாளோடு போவானா?

வெள்ளிக்கிழமை ஈரத்துணியைப் பிரித்தால் பயறு முளைவிட்டிருக்கிறது. நாலைந்து மட்டும் முளைக்கவில்லை. ஒரு பெண் அதைக் கையில் எடுத்து, “இது ஏன் வரல?” என்கிறாள். ஏன் என்று கேட்கிறாள்! தலைவிதி என்று சொல்லி வாயடைக்கப்பட்ட பரம்பரையின் பேத்தி ஏன் என்று கேட்கிறாள். ஆசிரியை விடை சொல்லாமல், அந்த நாலையும் மறுபடி ஊறப்போட்டுப் பார்க்கலாம் என்கிறார். பிறகு எல்லோரும் கை கழுவி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது என்ற பேச்சே அங்கே எழக்கூடாது. எழுகிற ஊர் இருந்தால் நமக்கு அங்கே வேலை இருக்கிறது.

இதுதான் ‘சும்மா’!

இதே சும்மாவைப் பெருநகரங்களில் என்ன விலைக்கு விற்கிறார்கள், தெரியுமா? பளபளப்பான மரத்தட்டு, பளபளப்பான மணிகள், ‘மாண்டிசோரி முறை’ என்று வாசலில் பலகை. ஆண்டுக்கு லட்சம் கேட்கிற பள்ளிகளும் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளை பணம் கட்டி விளையாடுகிறது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை பணம் கட்டி வீட்டுப் பாடம் எழுதுகிறது. இந்த வேடிக்கையை என்னென்பது!

அந்த மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை எங்கே திறந்தார்? 1907இல், ரோம் நகரத்தில், சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போய்விட, கட்டடத்தில் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்காக. 1939இல் அவர் சென்னைக்கே வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருக்கும் முன்னே, 1816இல், ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் மழலையர் பள்ளி திறந்தார். பத்து வயதுக்குக் குறைந்தவர்களை ஆலையில் சேர்ப்பதில்லை என்று வைத்தவர் அவர். அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் ஒரு நெசவாளி! அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, புத்தகத்தைக் காட்டித் தொல்லை தரக்கூடாது என்பது அவருக்கு ஓவன் இட்ட கட்டளை.

ஜெர்மனியில் ஃபிரபெல் 1837இல் தொடங்கிய பள்ளிக்கு 1840இல் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயர் வைத்தார். கம்பளிப் பந்தும் மரக்கட்டையும்தான் அவருடைய பாடநூல். 1851இல் பிரஷ்ய அரசு அதற்குத் தடை போட்டது. நாத்திகமும் சோஷலிசமும் வளர்க்கிறார்களாம்! அண்ணன் மகன் எழுதிய நூலைச் சிற்றப்பன் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். மறுவருடம் அவர் மறைந்தார். 1860இல்தான் தடை நீங்கியது. பந்து உருட்டும் பிள்ளைகளைக் கண்டு ஓர் அரசு நடுங்கியதென்றால், அந்த விளையாட்டு ‘சும்மா’ அல்ல என்று அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவேண்டாமா?

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. அதில் மூன்று வயதும் அடக்கம்தான். 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வரை அடிப்படை உரிமை ஆயிற்று, நல்லதுதான். ஆறு வயதுக்குக் கீழே? ‘அரசு முயலும்’ என்று ஒரு வரி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘செய்யவேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் உள்ள தூரம், போனஸ் கேட்டுப் போராடிய தொழிலாளிக்கு விளக்கத் தேவையில்லை.

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட மையங்கள். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்தன. எல்.கே.ஜி. என்றால் மதிப்பு, பால்வாடி என்றால் இளக்காரம். பெயரில் அப்படி என்ன இருக்கிறதோ!

அந்த ஆசிரியையை ஊழியர் என்றுகூடச் சொல்வதில்லை. ‘கௌரவப் பணியாளர்’ என்கிறது மத்திய திட்டம். 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது அந்தக் ‘கௌரவம்’; உதவியாளருக்கு 2,250. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கிறது. பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. எடை போடுவது அவர். பதிவேடு எழுதுவது அவர். கைப்பேசியில் கணக்கு ஏற்றுவது அவர். வீடு வீடாகப் போவதும் அவர். புளியங்கொட்டைப் பாடத்துக்கு மிச்சமிருப்பது எவ்வளவு நேரம்?

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்திற்கு முன் உங்கள் தெரு மையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். சோற்றில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பாருங்கள், அதுவும் வேண்டும். அதோடு, அலமாரியில் பூட்டிக் கிடக்கும் விளையாட்டுப் பொருள்கள் எத்தனை, தரையில் பிள்ளைகளின் கையிலிருப்பவை எத்தனை, ஆசிரியை நிரப்பவேண்டிய பதிவேடுகள் எத்தனை என்று எண்ணி, ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் படியுங்கள்.