போன் நம்பர் அப்புறம்... பதில் முதலில்!

கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு மனை வாங்க வேண்டும் என்றால், முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிப் போக வேண்டும். டீக்கடையில் விசாரித்து, தரகரைப் பிடித்து, அவர் வண்டிக்குப் பின்னாலேயே வெயிலில் சுற்ற வேண்டும். இப்போது அந்தச் சுற்றலில் பாதி, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு செல்போனிலேயே நடந்துவிடுகிறது. நாலைந்து ஏஜென்ட்களின் வெப்சைட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அதில் ஒருவருக்கோ இருவருக்கோதான் மறுநாள் போன் போகிறது. மற்றவர்களுக்கு, தங்கள் கடை வாசல்வரை ஒரு பார்ட்டி வந்துவிட்டுத் திரும்பிப் போனதே தெரியாது.

'வெப்சைட்டுக்குச் செலவு செய்தேன், ஒரு என்கொயரிகூட வரவில்லை' என்று சொல்லும் ஏஜென்ட்களின் தளத்தைத் திறந்தால் காரணம் புரிந்துவிடும். மேலே ஏதோ ஒரு வெளிநாட்டு பங்களாவின் படம். கீழே 'உங்கள் கனவு இல்லமே எங்கள் லட்சியம்' என்று ஒரு வரி. அதைப் படித்து முடிப்பதற்குள் பெயர், போன் நம்பர், இமெயில், பட்ஜெட் எல்லாவற்றையும் கேட்டு ஒரு பெட்டி குதித்து வந்து திரையை மறைக்கும். வந்தவருக்கு இதுவரை எதுவுமே சொல்லவில்லை. அதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டாயிற்று. அவர் ஏன் கொடுக்கப் போகிறார்?

வெப்சைட்டை விசிட்டிங் கார்டு மாதிரி நினைப்பதுதான் சிக்கல். மனை தேடி வருபவர் படம் பார்க்க வரவில்லை. சேமிப்பு, நகை, பி.எஃப் பணம், பேங்க் லோன் எல்லாம் சேர்ந்த ஒரு முடிவோடு, மனதில் ஒரு பயத்தோடு வருகிறார். அந்தப் பயத்துக்கு யாருடைய தளம் முதலில் பதில் சொல்கிறதோ, அவருக்குத்தான் போன் போகும்.

முதல் கேள்வி: நீங்கள் யார்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது 'ரெரா', 2016-ல் வந்தது. இந்தச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தரும் ஏஜென்ட், தானும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு செய்யாத திட்டத்தை விற்றுக் கொடுப்பதும் குற்றம். மீறினால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் ஏறி, சொத்தின் மதிப்பில் 5 சதவிகிதம் வரை போகலாம்.

பதிவு எண் கையில் இருக்கும் ஏஜென்ட்கள்கூட அதை ஃபைலுக்குள் பூட்டி வைத்திருப்பதுதான் வேடிக்கை. பெயர், ரெரா பதிவு எண், அலுவலக முகவரி, இந்தத் தொழிலில் எத்தனை வருடம், எந்தெந்தப் பகுதிகளில் வேலை... இவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பங்களா படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏஜென்ட் தன் சொந்தப் படத்தைப் போடலாம். யாரிடம் பேசப் போகிறோம் என்று தெரிந்தால்தான் வாங்குபவருக்குக் கூப்பிடத் தைரியம் வரும்.

ஒரு மனை, ஒரு பக்கம்

'கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 10 நிமிடம். உடனே அழையுங்கள்' என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்களுக்குத் தெரியும், அந்த 10 நிமிடம் எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாது. நிமிடக் கணக்கை விட்டுவிட்டு கிலோமீட்டர் கணக்கைச் சொன்னாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

விற்பனைக்கு இருக்கும் ஒவ்வொரு சொத்துக்கும் தனிப் பக்கம் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

* மனையின் அளவு சதுர அடியில். சென்ட், கிரவுண்ட் கணக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி.
* எந்தத் திசை பார்த்தது, முன்னால் உள்ள ரோடு எத்தனை அடி அகலம்.
* டி.டி.சி.பி அல்லது சி.எம்.டி.ஏ அங்கீகார எண். ரெரா பதிவு தேவைப்படும் லேஅவுட் என்றால் அந்த எண்ணும்.
* பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் ஆகியவற்றில் எவை தயாராக இருக்கின்றன.
* விலை.

அங்கீகார எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, கையில் மனை இருந்தும் விற்க முடியாமல் தவித்த குடும்பங்கள் ஏராளம். அதன் பிறகு 'அப்ரூவல் இருக்கா?' என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற தளம் அங்கேயே ஒரு படி முன்னால் நிற்கும்.

விலையைப் போடத் தயங்குகிறவர்கள் பலர். 'போன் பண்ணினால் சொல்கிறோம்' என்று எழுதினால் நிறைய அழைப்புகள் வரும்தான். ஆனால், 15 லட்சம் வைத்திருப்பவரிடம் 40 லட்ச ரூபாய் மனையைப் பற்றிப் பேசுவது இரண்டு பேருக்குமே வெட்டி வேலை. விலை போட்டால் அழைப்புகள் குறையலாம். வருகிற அழைப்புகள் வாங்கக் கூடியவரிடமிருந்து வரும்.

விலையோடு மொத்தச் செலவையும் காட்டினால் இன்னும் நல்லது. 1,200 சதுர அடி மனை, சதுர அடி 2,000 ரூபாய் என்றால் விலை 24 லட்சம். தமிழ்நாட்டில் மனை கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 2,16,000 ரூபாய் தனியாக வேண்டும். அரசின் வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. இந்த இரண்டு லட்சம் பத்திரம் போடும் வாரத்தில் திடீரென்று முளைத்தால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? வட்டிக்கு அலையும். அதை முன்கூட்டியே சொன்ன ஏஜென்டை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

'எல்லாம் போட்டால் பார்ட்டி நேராகப் போய்விடுமே?'

இந்தப் பயம் நியாயமானதுதான். சர்வே நம்பரை வெளியே போட்டால் பட்டாவில் ஓனர் பெயரைப் பார்த்துவிடலாம். இன்னொரு தரகர் குறுக்கே புகுந்துவிடலாம். இதற்கு வழி இருக்கிறது. ஊர், நகர், பக்கத்தில் உள்ள அடையாளம், தூரம் ஆகியவற்றைத் தளத்தில் போட்டு, சர்வே நம்பரைப் பேசிய பிறகு கொடுக்கலாம். 'ஆவணங்களின் நகல் நேரில் காட்டப்படும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். வாங்குபவரைச் சரிபார்க்கச் சொல்லும் ஏஜென்டிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்பது தானாகப் புரியும்.

ஓனரின் பத்திரத்தையோ ஆதார் நகலையோ படம் எடுத்து அப்படியே தளத்தில் ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது.

விற்றுப்போன மனையை அப்படியே விட்டு வைப்பதும் தவறு. கூப்பிட்டவரிடம் 'அது முடிஞ்சுபோச்சு சார், வேற ஒண்ணு இருக்கு' என்று சொல்லும்போதே, இது தூண்டில் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். விற்ற அன்றே 'விற்பனையாகிவிட்டது' என்று தேதியோடு போடலாம். வியாபாரம் நடக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

ஊரைப் பற்றி எழுதுங்கள்

பெரிய சொத்து விற்பனைத் தளங்களில் ஆயிரக்கணக்கான மனைகள் இருக்கும். எண்ணிக்கையில் அவற்றோடு ஒரு ஊர் ஏஜென்ட் போட்டி போட முடியாது. ஆனால், அந்தத் தளங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: அவருடைய ஊர்.

போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், அது உப்பா நல்ல தண்ணீரா? ஷேர் ஆட்டோ எதுவரை வரும்? பள்ளி வேன் எந்தத் தெருவுக்குள் நுழையும்? மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கும்? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை பார்ப்பவர்கள் இன்றும் '2015-ல் இங்கே தண்ணீர் வந்ததா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தக் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் எழுத வேண்டும். 'இந்தத் தெருவில் கனமழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தரைமட்டத்தை உயர்த்திக் கட்ட வேண்டும்' என்று எழுதினால் ஒரு பார்ட்டி விலகலாம். படித்த மற்றவர்கள், 'இவர் சொன்னால் நம்பலாம்' என்று நெருங்குவார்கள்.

இதைத் தமிழிலும் எழுதினால் கூடுதல் லாபம். 'கூடுவாஞ்சேரியில் மனை விலை' என்று தமிழில் தட்டியோ பேசியோ தேடுபவர்களுக்கும் அந்தப் பக்கம் கிடைக்கும். கூகுள் மேப்பில் அலுவலகத்தை இலவசமாகப் பதிவு செய்துகொள்வதும் அவசியம். அருகில் உள்ள கடைகளைக் காட்டும்போது, தேடலுக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்ற மூன்றையும் கூகுள் பார்க்கிறது. பத்திரம் முடித்த வாடிக்கையாளரிடம் அங்கே இரண்டு வரி எழுதச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கிய பாராட்டு சீக்கிரமே வெளுத்துவிடும்.

போனில் திறக்கிறதா?

இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு படமே 3, 4 எம்.பி. வரும். அப்படிப் பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் வெளியே போய்விடுவார். ஒவ்வொரு படத்தையும் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினால் பத்துப் படமும் சேர்ந்து 2 எம்.பி.தான். மனையின் நான்கு மூலை, முன்னால் உள்ள ரோடு, பக்கத்து வீடுகள், மெயின் ரோட்டில் திரும்பும் இடம்... இவை பகல் வெளிச்சத்தில் எடுத்த உண்மையான படங்களாக இருந்தால் போதும்.

கேள்விப் படிவத்தில் மூன்றே கட்டங்கள் வைக்கலாம்: பெயர், போன் நம்பர், எந்தச் சொத்து. அதைக்கூட நிரப்பத் தயங்குபவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் வாட்ஸ்அப் பொத்தான் வேண்டும். தொட்டதும், 'மனை எண் 14 பற்றித் தெரிய வேண்டும்' என்ற வரி தயாராக வந்து நிற்கும்படி அதை அமைக்க முடியும். ஏஜென்டுக்கும் எந்த மனை என்று கேட்கும் வேலை மிச்சம்.

வாங்கிய நம்பரை எதற்குப் பயன்படுத்துவோம் என்று படிவத்துக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை என்ன காரணத்துக்காக வாங்குகிறோம் என்று சொல்லி, அவர் சம்மதத்தோடு பயன்படுத்தச் சொல்கிறது. ஒரு மனை கேட்டவரின் நம்பரை லோன் ஏஜென்டுக்கும் இன்டீரியர் கடைக்கும் கைமாற்றினால், அந்தக் குடும்பத்தில் இனி யாரும் அந்த ஏஜென்டுக்குப் போன் போட மாட்டார்கள்.

வந்ததைத் தவற விடக் கூடாது

இரவு 10 மணிக்கு வந்த கேள்விக்கு மூன்று நாள் கழித்துப் பதில் போட்டால், அந்தப் பார்ட்டி அதற்குள் வேறொருவருடன் சைட் விசிட் போய் வந்திருக்கும். மறுநாள் காலைக்குள் ஒரு பதிலாவது போக வேண்டும்.

கூடவே ஒரு நோட்டு வேண்டும். யார் கூப்பிட்டார், எதைப் பார்த்துக் கூப்பிட்டார், எந்த மனை கேட்டார், நேரில் வந்தாரா, அட்வான்ஸ் கொடுத்தாரா என்று ஐந்து பத்தி. மூன்று மாதம் எழுதினால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். கேள்வியே வரவில்லையா? தளம் கண்ணில் படவில்லை, அல்லது பதில் சொல்லவில்லை. கேள்வி வந்து, நேரில் பார்த்த பிறகு எல்லோரும் விலகுகிறார்களா? தளத்தில் சொன்னதும் மனையில் இருப்பதும் வேறு வேறாக இருக்கிறது.

முழுத் தளத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கைவசம் இருக்கும் ஒரே ஒரு மனையை எடுத்து, இந்த வாரம் அதன் பக்கத்தை மட்டும் சரியாக எழுதலாம். எழுதியதை வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து, 'இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கத் தைரியம் வருமா?' என்று கேட்கலாம். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகள்தான், அந்தப் பக்கத்தில் அடுத்து எழுத வேண்டிய வரிகள்.