"ஐ.டி. படிக்க விடலாமா சேர்?"

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எமது பெற்றோர் கேட்கும் கேள்வி இது. ஒப்பந்த ஊழியர் சந்தையில் ஐ.டி. என்று ஒரு தனித் தொழில் கிடையாது. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஆள் தேடும் நிறுவனம், குறித்த ஒரு மென்பொருளை ஏற்கனவே கையாண்டவரையே கேட்கிறது. பழக்கி எடுக்க அதற்கு நேரமில்லை.

அந்தத் தேவையும் நிலையற்றது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தடுமாறும் என்று அஞ்சிய நிறுவனங்கள், 1959இல் உருவான கோபோல் மொழி தெரிந்தவர்களைத் தேடித்தேடி எடுத்தன. வருடம் பிறந்தது, தேடலும் ஓய்ந்தது. பின்னர் 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிய, அமெரிக்காவின் நியூஜேர்சி ஆளுநர் பில் மர்பி அதே கோபோல் தெரிந்தவர்களைப் பகிரங்கமாக அழைத்தார். அதுவும் தொண்டர்களாக! ஒரு காலத்தில் இணையத்தளங்களை ஆண்ட பிளாஷுக்கோ அவ்வருட டிசம்பருடன் அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது.

இங்கிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் உழைக்கும் பிள்ளையின் டொலர் தொகை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் தொழில்தருநர் கட்டும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் பொதுவாக அதில் இல்லை. 2025 ஏப்ரல் முதல் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 15 வீதம் வரை வரியும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சும்மா இருக்கும் மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டிப்ளோமாவுக்குக் காசு கட்டுமுன், அங்கே தரவுத்தளமும் நிரலாக்க அடிப்படையும் எத்தனை மணித்தியாலம் படிப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். 1970களில் வந்த எஸ்.கியூ.எல். இன்றும் வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.