பெலூடாவும் திகம்பர சாமியாரும்

துப்பறியும் நாவலைப் பாடப்புத்தகத்துள் மறைத்து வாசிக்கும் மாணவ நண்பர்காள்! நாணுதற்குக் காரணமில்லை. வங்காளத்துச் சத்யஜித் ராய், இளைஞர்க்கெனத் தாமெழுதிய ‘சோனார் கெல்லா’வை 1974-இல் தாமே படமாக்கினார். முற்பிறப்பு நினைவு கூறும் சிறுவனைக் காக்கத் துப்பறிவாளர் பெலூடா ஜெய்சால்மர் வரை செல்கிறார். புகைவண்டியும் ஒட்டகமும் மணலும் எத்துணை மெய்யாய் நிற்கின்றன! 1979-இல் அவர் காசியைக் களமாகக்கொண்ட படத்திலும் தோன்றினார்.

நம்மவர் பிந்தியவரல்லர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரால் படமாயிற்று. பின்னாளில் வில்லனென்றே பெயர்பெற்ற எம். என். நம்பியார் அதில் பல மாறுவேடம் பூண்ட துப்பறிவாளர். அவரை அங்ஙனம் காண்பதே ஒரு வேடிக்கை. பெலூடாவைப்போல் சாமியார் திரையில் நிலைபெறாமைக்குக் கற்றோரது அலட்சியமே காரணமென்பது எமது துணிபு. அவர் மீண்டு வருவாராயின், சிட்லபாக்கம் ஏரிக்கரையும் தாம்பரம் புகைவண்டி நிலையமும் மர்மத்திற்குப் போதாவோ?