கிளை கழிக்கக் காசு எங்கே?

காற்றடித்து ஒரு மரம் சாய்ந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அதே சாலையில் இன்னும் நாலு மரம் அடுத்த வாரம் வெட்டப்படும். சாய்ந்த மரத்துக்குக் கடைசியாக எப்போது கிளை கழித்தார்கள் என்பது மட்டும் செய்தியாக வருவதில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதற்குக் காரணம், பத்து பாகாட்டில் நான் குடியிருக்கும் தாமானில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனு. பிள்ளைகள் விளையாடும் திடலை ஒட்டி வரிசையாக அங்சானா மரங்கள் நிற்கின்றன. அவற்றை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எதிர்வீட்டு அக்கா நேராகவே கேட்டார்: "நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க தம்பி. பேரப்பிள்ளைங்க அங்கதான் ஓடி ஆடுதுங்க. நாளைக்குச் சாய்ஞ்சா யார் பொறுப்பு?"

அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன, மோனோரயில் சேவையும் தடைப்பட்டது. நம் மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென்று வந்து அடிக்கும் சுமத்ரா காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மரம் மனித உயிரைவிடப் பெரியது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால், நல்ல மரம் எப்படி ஆபத்தான மரமாகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

அங்சானா நம் வேங்கை மரத்தின் உறவு. பெரிய கிளையை அப்படியே வெட்டி நட்டாலும் வேர்விடும், விரைவில் நிழல் தரும். அதனால்தான் நம் பட்டணங்களில் அதை இவ்வளவு நட்டார்கள். ஆனால் வேகமாக வளரும் மரத்துக்கு அடிக்கடி கவனிப்பு வேண்டும். பாரம் ஏறிய கிளையை முறையாகக் கழிக்காமல், ஒரே நாளில் உச்சியை மொட்டையடித்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகப் புதுக்கிளைகள் கிளம்பும். பார்க்கப் பசுமையாக இருக்கும். உண்மையில் அவை மரத்தின் உள்ளிருந்து வராமல் மேல்தோலை ஒட்டி முளைத்தவை. சில ஆண்டுகளில் பாரம் ஏறியதும் அவைதான் முதலில் முறியும்.

அடிமரத்தைப் பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒவ்வொரு முறையும் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். அந்தக் காயத்தின் வழியாகத்தான் பூஞ்சையும் அழுகலும் உள்ளே போகும். கால்வாய் தோண்டும்போதும் குழாய் பதிக்கும்போதும் ஒரு பக்கத்து வேர் வெட்டுப்படும். அதற்கு மேல் நம் வீட்டு வாசலில் நாமே சிமெண்டு பூசி, அடிமரம் வரை மூடிவிடுவோம். பத்து பாகாட்டின் கரையோர மண்ணோ குழைந்த களிமண். பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் மென்மண்ணை ஆராயவே தனி மையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பக்க வேரை இழந்த மரம் எத்தனை காற்றைத் தாங்கும்?

ஆக, பாதி ஆபத்து நம் கையால் வருவது. அதைத் தடுக்க ஆளும் பணமும் வேண்டும்.

யார் அந்த ஆள் என்பதில்தான் நம் மக்களுக்குக் குழப்பம். ஜொகூரில் 2011 செப்டம்பரிலிருந்து சட்டம் 672 நடப்பில் இருக்கிறது. குப்பை அள்ளுவதும், சாலையோரப் புல் வெட்டுவதும், கால்வாய் சுத்தமும் அந்தத் திட்டத்தின் கீழ் ஒப்பந்த நிறுவனத்திடம் போய்விட்டன. மரம் ஊராட்சி மன்றத்திடமே இருக்கிறது. பெரிய சாலையாக இருந்தால் அது பொதுப்பணி இலாகாவின் பொறுப்பாக இருக்கலாம். மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் தெனாகா நேஷனல் வரும். புல் வெட்ட வந்த தொழிலாளியிடம் "அந்தக் கிளையையும் வெட்டுப்பா" என்று கேட்டுப் பயனில்லை. மரத்தடிப் புல் ஒருவர் கணக்கு, மரம் இன்னொருவர் கணக்கு.

சட்டம் மரத்தைக் கைவிட்டுவிடவில்லை. நகர, கிராமத் திட்டச் சட்டமான சட்டம் 172-இல், 1995-இல் மரப் பாதுகாப்புக்கென்று தனிப் பகுதியே சேர்த்தார்கள். அதன்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சித் திட்ட அதிகார அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்தாக நிற்கும் மரத்துக்கும் விதிவிலக்கு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த அனுமதியைத் தரவேண்டிய இடம் ஊராட்சி மன்றம். மரத்தைப் பராமரிப்பதும் வெட்டுவதும் அதே மன்றம். காவலும் கோடரியும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

பணத்துக்கு வருவோம். மரம் நடப் பணம் கிடைத்துவிடும். 2021-இல் தொடங்கிய 10 கோடி மரம் நடும் இயக்கம் நினைவிருக்கும். பிரமுகர் வருவார், மண்வெட்டி பிடிப்பார், படம் எடுப்பார்கள். வெட்டவும் பணம் கிடைத்துவிடும், ஏனென்றால் அது அவசரச் செலவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முப்பது, நாற்பது வருடத்துக்கு, ஆண்டுதோறும் மரத்தைப் பார்த்து, தட்டி, கழித்துவிடும் வேலைக்குத்தான் கைவராது. அந்தச் செலவைத் திறந்துவைக்க நாடா வெட்டும் விழா கிடையாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மன்றம் 2012-இல் சாலைப் பராமரிப்பை 25 ஆண்டு ஒப்பந்தமாக ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. சுமார் 36,000 சாலை மரங்களில் 17,500 மரங்களை மாற்றிவிடலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. நல்ல மரங்களும் விழுந்தன. மக்கள் மரத்தடியில் நின்று மறித்தார்கள், வழக்கு நடந்தது, 2018-இல் வெட்டுவது நின்றது. 2023-இல் விசாரணை அறிக்கை வெளிவந்த பிறகு மன்றம் மன்னிப்புக் கேட்டது. பணக்கார நாட்டிலும் வெட்டுவது சுலபமான வழியாகத் தெரிந்திருக்கிறது.

எதிர்ப்பக்க உதாரணம் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. சிங்கப்பூரில் 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்ட மரம், கிளை விழும் சம்பவங்கள் நடந்தன. தேசிய பூங்காக் கழகம் மரங்களைச் சுழற்சி முறையில் சோதிக்கவும் கழிக்கவும் தொடங்கிய பிறகு, அண்மை ஆண்டுகளில் அது சுமார் 500-க்கு இறங்கியது. ஆபத்து பூஜ்யமாகிவிடவில்லை. 2017-இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவிலேயே பாரம்பரிய மரமொன்று சாய்ந்து ஓர் இந்தியப் பெண் உயிரிழந்தார். ஆனாலும், ஊரை மொட்டையடிக்காமலே விபத்தை இவ்வளவு குறைக்க முடியும் என்று நமக்குப் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள்.

"அது பணக்கார ஊர், நம்ம ஊரு ஆகுமா?" என்பீர்கள். அவர்கள் அளவுக்கு முடியாதுதான். ஆனால் ஒரு தாமானில் இருக்கும் மரங்களுக்கு எண் போட்டு, பட்டியல் எழுதி, வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த ஒருவர் சுற்றிப் பார்ப்பதற்குக் கோடிக்கணக்கில் தேவைப்படாது.

அதனால் எதிர்வீட்டு அக்காவிடம் மனுவைக் கொஞ்சம் மாற்றி எழுதலாம் என்றேன். முதலில், இந்த மரங்களைத் தகுதியுள்ளவர் வந்து சோதித்து, ஒவ்வொன்றின் நிலையையும் எழுத்தில் தரவேண்டும். அழுகிய மரத்தை வெட்டட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நல்ல மரத்துக்கு முறையாகக் கிளை கழிக்கட்டும். வெட்டிய இடத்தில் இன்ன மாதத்துக்குள் வேறு மரம் நட்டு, முதல் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்று சொல்லட்டும். கடைசியாக, அடுத்த ஆண்டு வரவுசெலவில் மரப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று கேட்போம். அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. "முதல்ல அந்தத் திடல் பக்கத்து மரத்தப் பாக்கச் சொல்லுங்க" என்றார். நியாயமான கோரிக்கை. அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறோம்.

இங்கே இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அன்றுமுதல் நம் கவுன்சிலர்களுக்கு நாம் வாக்களிப்பதில்லை, மாநில அரசுதான் நியமிக்கிறது. வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் மனுவும் கேள்வியும்தான் நமக்கு மிச்சம். மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான் என்கிறது சட்டம் 171. நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது போய் உட்கார்ந்திருக்கிறோம்?

பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் தெருவிளக்கும் திடலும் மரமும் நிற்கின்றன. அடுத்த முறை ரசீது வாங்கிய கையோடு, நிலவனப்புப் பிரிவு எந்த மாடி என்று விசாரித்து ஏறிப் போங்கள். எங்கள் தெரு மரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். தேதி சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், எப்போது வருவீர்கள் என்று கேட்டு அந்தத் தேதியையாவது எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.